பக்கத்தில் இருத்தல்

1800ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தெற்கு பிரான்சின் அவேரோன் பகுதியில் காட்டிலிருந்து ஒரு சிறுவன் ஊருக்குள் வந்தான். வயது பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கலாம். பேச்சில்லை. பல ஆண்டுகள் தனியாகவே காட்டில் திரிந்தவன் என்று நம்பினார்கள். அதே ஆண்டில் அவனைப் பாரிசுக்குக் கொண்டுபோய்க் காதுகேளாதோர் கல்வி நிலையத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர் ழான் இதார் அவனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். விக்டர் என்று பெயரிட்டார். பேச்சையும் எழுத்தையும் கற்றுக்கொடுக்க ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். இன்று சிறப்புக் கல்வி என்று நாம் சொல்லும் துறை தன் முன்னோடிகளில் ஒருவராக அவரைக் கருதுகிறது.

இதார் 1801இல் எழுதிய அறிக்கையில் பாடங்களைப் பற்றிய பக்கங்களைவிட என்னை நிறுத்திவைப்பவை பாடம் இல்லாத நேரங்களைப் பற்றிய பக்கங்கள். சாப்பாடு முடிந்ததும் விக்டர் ஒரு குவளைத் தண்ணீரோடு ஜன்னலுக்குப் போவான். வெளியே தெரியும் வெட்டவெளியைப் பார்த்தபடி, ஒவ்வொரு மிடறாக ருசித்துக் குடிப்பான். சுதந்திரம் பறிபோன பிறகு அவனிடம் மிஞ்சியிருந்தவை இரண்டே இன்பங்கள், தெளிந்த நீரும் வெயில்பட்ட நிலத்தின் காட்சியும். அவற்றை அவன் ஒன்றுசேர்க்கப் பார்க்கிறான் போலும் என்கிற பொருளில் இதார் எழுதுகிறார். ஒருநாள் காலையில் பனி பெய்திருப்பதைக் கண்டவன், அரைகுறை உடையோடு தோட்டத்துக்கு ஓடி, கூவிக்கொண்டே பனியில் புரண்டதையும் அவர் பதிவுசெய்திருக்கிறார்.

பிறகு இதார் அவனை மோன்மொரென்ஸி பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போனார். குன்றுகளையும் மரங்களையும் கண்ட விக்டருக்கு மகிழ்ச்சி கட்டுக்குள் அடங்கவில்லை. எந்த நேரமும் ஓடிவிடுவான் போலிருந்தது. திரும்பி வந்த இதார், இனி இப்படிப்பட்ட சோதனைக்கு அவனை ஆளாக்குவதில்லை என்று முடிவெடுத்தார். அதன்பின் பக்கத்திலிருந்த தோட்டங்களே அவனுக்கு வாய்த்த வெளி.

இதார் அன்பானவர். கண்டதை ஒளிக்காமல் எழுதிவைத்தவர். அவர் எழுதியிராவிட்டால் அந்தப் பிள்ளையின் மகிழ்ச்சி எதுவென்றே நமக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் அந்த முடிவுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. கற்பது உள்ளே நடப்பது, மகிழ்வது வெளியே நடப்பது, கற்க வேண்டுமானால் மகிழ்ச்சியைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற தீர்ப்பு. விக்டருக்கு ஆட்டிசம் இருந்திருக்க வேண்டும் என்று 1989இல் உளவியலாளர் ஊட்டா ஃபிரித் வாதிட்டார். அது சரியோ தவறோ, விக்டரைப் போன்ற பிள்ளைகள் இன்றும் அந்தத் தீர்ப்பின் கீழ்தான் வளர்கிறார்கள்.

*

ஆட்டிசமோ ஏடிஎச்டியோ கற்றல் குறைபாடோ உள்ள ஒரு நகரத்துப் பிள்ளையின் வாரத்தை எண்ணிப்பாருங்கள். திங்கள் ஸ்பீச் தெரபி. செவ்வாய் ஆக்குபேஷனல் தெரபி. பள்ளி முடிந்து டியூஷன். சனிக்கிழமை நடத்தைப் பயிற்சி. அம்மா ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய், வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்து, திரும்பக் கூட்டிவருகிறார். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். எதிர் நாற்காலியில் இருப்பவர் கேட்கும் முதல் காரியம், என்னைப் பார் என்பது.

இந்தப் பயிற்சிகள் தேவையில்லை என்று சொல்லமாட்டேன். பேசக் கற்றுக்கொண்ட பிள்ளைகளை, சட்டைப் பொத்தானைத் தானே போடக் கற்றுக்கொண்ட பிள்ளைகளை இந்த அறைகள் உருவாக்கியிருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களில் பலர் சொற்பச் சம்பளத்துக்கு மிகுந்த பொறுமையைத் தருகிறவர்கள். நான் கவனிக்கச் சொல்வது அந்த அறையின் பொருட்களை. ஆக்குபேஷனல் தெரபி அறையில் ஊஞ்சல் இருக்கும். ஏறுவதற்கு வலையும் சறுக்குப் பலகையும் இருக்கும். ஒரு தட்டில் மணல், இன்னொன்றில் பயறு, கால் வைத்து நடக்கச் சொரசொரப்பான விரிப்புகள். அமெரிக்காவின் ஜீன் ஏயர்ஸ் 1970களில் வகுத்துத் தந்த புலன் ஒருங்கிணைப்புக் கொள்கையின் வழிவந்தவை இவை. உடலின் சமநிலை, மூட்டுகளிலும் தசைகளிலும் உணரப்படும் அழுத்தம், தொடுகை ஆகியவை ஒன்றோடொன்று இசைந்தால்தான் கவனமும் கற்றலும் கைகூடும் என்பது அவருடைய கருத்து.

அந்த அறையிலிருக்கும் ஒவ்வொன்றும் வெளியிலிருந்து எடுத்துவரப்பட்டது. மரக்கிளையும் மேடும் மணலும் கூழாங்கல்லும் தங்கள் இடத்தைவிட்டு, கணக்கிடப்பட்ட நிமிடங்களாக உள்ளே வந்திருக்கின்றன. வராமல் போனது ஒன்று உண்டு. வெளியில் இவற்றை ஒரு பிள்ளை தனியாக அனுபவிப்பதில்லை. பக்கத்தில் இன்னும் சில பிள்ளைகள் இருப்பார்கள், சில பெரியவர்கள் ஏதாவது வேலையாய் இருப்பார்கள். மணலைத் தட்டில் கொண்டுவர முடிந்த நமக்கு, அந்தக் கூட்டத்தை மட்டும் உள்ளே கொண்டுவரத் தெரியவில்லை. அதை ஒருவர் வெளியிலேயே வைத்து, வாழ்ந்து பார்த்தார்.

*

ஃபெர்னான் தெலின்யி 1913இல் பிறந்தவர். இளமையில் வட பிரான்சின் அர்மான்த்தியேர் மனநலக் காப்பகத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். சீர்திருத்தப் பள்ளிகளும் காப்பகங்களும் பிள்ளைகளை எப்படி நொறுக்குகின்றன என்பதைப் பல ஆண்டுகள் உள்ளிருந்தே பார்த்தவர். திரைப்பட இயக்குநர் த்ரூஃபோ தன் ‘400 அடிகள்’ படத்துக்கு அவரிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார். அதே த்ரூஃபோ 1970இல் விக்டரின் கதையைப் படமாக்கி, இதாராகத் தானே நடித்தார். அந்தப் படம் வந்த வேளையில் தெலின்யி இதாருக்கு நேரெதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தார்.

1960களின் நடுவில் அவர் லா போர்த் மனநல மருத்துவமனையில் இருந்தார். மெய்யியலாளர் தெல்யூஸோடு இணைந்து எழுதியவர் என்று நம் சிறுபத்திரிகை வாசகர்கள் அறிந்த கத்தாரி வேலை பார்த்த இடம் அது. அங்கே தெலின்யியிடம் வந்து சேர்ந்தான் ழான்மாரி என்ற, பேச்சே இல்லாத ஒரு சிறுவன். 1967இல் அவனையும் சில தோழர்களையும் கூட்டிக்கொண்டு தெற்கே செவென் மலைப்பகுதிக்குப் போனார் தெலின்யி. அடுத்து மோனோப்லே என்ற சிற்றூரைச் சுற்றி நிலைகொண்டார். விக்டர் திரிந்த அவேரோனுக்கு அது வெகுதொலைவில்லை. பாறையும் கஷ்கொட்டை மரங்களும் கைவிடப்பட்ட கல்வீடுகளும் நிறைந்த வறண்ட மலை நிலம். ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தள்ளிச் சில சிறு குடியிருப்புகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் சில பெரியவர்கள், சில பிள்ளைகள். பேசாத, ஆட்டிசம் என்று அடையாளமிடப்பட்ட பிள்ளைகள், மருத்துவமனைகள் கைவிரித்தவர்கள்.

அந்தப் பெரியவர்களில் பயிற்சி பெற்ற நிபுணர்கள் இல்லை. ழாக் லேன் தொழிற்சாலையில் மின்பணியாளராக இருந்தவர். மற்றவர்கள் தொழிலாளிகள், குடியானவர்கள், மாணவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு எதையும் கற்றுக்கொடுக்க முனையவில்லை. ரொட்டி சுடுவது, விறகு வெட்டுவது, ஆடு பார்ப்பது, தண்ணீர் எடுப்பது, பாத்திரம் கழுவுவது என்று தங்கள் அன்றாட வேலைகளைத் திறந்தவெளியில், பிள்ளைகள் சுற்றித் திரியும் இடத்திலேயே செய்தார்கள். வேலைகளுக்கு நிலையான இடங்கள் இருந்தன, பொருட்களுக்கும் அப்படியே. ஒவ்வொரு அசைவையும் சற்று நிதானமாக, கண்ணில் படும்படி, கிட்டத்தட்ட சடங்குபோலச் செய்தார்கள். பிள்ளைகளை நோக்கிப் பேசுவதைக் கூடியவரை குறைத்துக்கொண்டார்கள். கூப்பிட்டு வேலை சொல்வதில்லை. வேலை நடக்கிறது, அவ்வளவுதான். பிள்ளை வந்து ஒரு கை கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம்.

பிள்ளைகளில் சிலர் தலையை மோதிக்கொண்டார்கள், கையைக் கடித்துக்கொண்டார்கள். அதைக் கண்டு தாங்க முடியாமல் தவித்த ழாக் லேனுக்கு தெலின்யி சொன்ன யோசனை விசித்திரமானது: அதைப் பற்றிப் பேச வேண்டாம், பிள்ளைகள் போய்வந்த வழிகளை வரைந்து பாருங்கள். 1969 வாக்கில் அப்படித்தான் அந்த வரைபடங்கள் தொடங்கின. முதலில் இடத்தின் படம். அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, பெரியவர்கள் வேலைக்காக நடந்த வழிகள். இன்னொரு தாளில் பிள்ளைகள் திரிந்த கோடுகள். அலைவுக் கோடுகள் என்று சொல்லலாம். பத்தாண்டு காலம் இந்த வரைபடங்கள் தொடர்ந்தன. தெல்யூஸும் கத்தாரியும் 1980இல் வெளிவந்த தங்கள் பெரிய நூலில் இவற்றைச் சுட்டிப் பேசியதால் உலகம் அவற்றைத் தேடிப் பார்த்தது.

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது ஒன்று புலப்பட்டது. நோக்கமற்றது என்று எண்ணியிருந்த பிள்ளைகளின் அலைச்சல், பெரியவர்களின் வழியோடு சிறிது தூரம் ஒட்டிப்போகிறது, விலகுகிறது, மறுபடி சில குறிப்பிட்ட இடங்களில் வந்து சேர்கிறது. ரொட்டி பிசையும் இடம், நீர் இருக்கும் இடம், பழகிய ஏதோவொரு கல். அந்த இடங்களில் பிள்ளைகளின் கோடுகளும் பெரியவர்களின் கோடுகளும் முடிச்சுகளாகச் சந்தித்தன. யாரும் யாரையும் அழைக்கவில்லை. ஆனாலும் அங்கே ஒரு கூட்டம் கூடியிருக்கிறது. முகம் பார்க்காத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளைகளுக்கு மனிதர்களோடு உறவில்லை என்பதுதான் அன்றைய மருத்துவத்தின் முடிவு. வரைபடம் அதை மறுத்தது. அவர்களுக்கு உறவு உண்டு. அது எதிர் நாற்காலியில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது.

தெலின்யியின் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. மொழிக்கு வெளியே இருப்பதை அவர் அந்தப் பிள்ளைகளின் இயல்பாகவே எடுத்துக்கொண்டார். பேச்சில்லாத பல பிள்ளைகள் படங்களைக் காட்டியும் டேப்லெட்டில் எழுத்தைத் தொட்டும் தம் மனதைச் சொல்வதை இன்று பார்க்கிறோம். வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஒரு வழி கிடைப்பது எந்தப் பிள்ளைக்கும் உரிமை. அந்த முயற்சியைக் கைவிட நமக்கு அதிகாரமில்லை. ஆனால் அதற்கு முன்னதாக வேண்டிய ஒன்றை அவர் கண்டுகொண்டார். பிள்ளை நம்மிடம் வர வேண்டுமானால், அதனிடம் எதையும் கேட்காத ஓர் இடம் முதலில் வேண்டும்.

*

அந்த இடம் ஏன் பெரும்பாலும் வெளியில் அமைகிறது? காற்றும் பச்சையும் உடம்புக்கு நல்லது என்ற பொதுப்பேச்சைத் தாண்டிச் சில காரணங்களைச் சொல்ல முடியும்.

ஒன்று, ஒலி. வகுப்பறையில் மின்விசிறியின் இரைச்சல், நாற்காலி இழுபடும் சத்தம், நாற்பது பிள்ளைகளின் பேச்சு, மணி எல்லாம் நான்கு சுவர்களில் மோதித் திரும்பி ஒரே குவியலாகின்றன. தேவையானதைப் பிரித்தெடுத்து மற்றதைத் தள்ளிவிட முடியாத செவிக்கு அது வலி. திறந்த வெளியில் ஒலி போனால் போய்விடுகிறது. காக்கை எந்தப் பக்கம் கத்துகிறது, வண்டி எங்கே போகிறது என்று திசை தெரிகிறது. தாங்க முடியாவிட்டால் பத்தடி தள்ளி நிற்கலாம். வகுப்பில் அதே பத்தடி விலகல் ஒழுங்கீனம்.

இரண்டாவது, கவனம். ரேச்சல் கப்லான், ஸ்டீஃபன் கப்லான் இணையர் 1989இல் வெளியிட்ட நூலில், முயன்று செலுத்தும் கவனம் களைத்துப்போகக் கூடியது என்றும், இலையசைவும் நீரோட்டமும் போல மெதுவாக ஈர்ப்பவை அதற்கு ஓய்வு தருகின்றன என்றும் விளக்கினார்கள். இந்த வழியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியா ஃபேபர் டெய்லரும் பிரான்சிஸ் குவோவும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏடிஎச்டி உள்ள, 7 முதல் 12 வயதுக்குட்பட்ட 17 பிள்ளைகளை நகரப் பூங்கா, நகர மையம், குடியிருப்புத் தெரு என மூன்று இடங்களில் வெவ்வேறு நாட்களில் 20 நிமிடம் நடக்கவைத்தார்கள். பிறகு எண்களைத் தலைகீழாகச் சொல்லவைத்துக் கவனத்தை அளந்தார்கள். பூங்காவில் நடந்த நாட்களில் பிள்ளைகள் மேலாகச் செய்தார்கள். இந்த வேறுபாட்டின் அளவை வழக்கமான மருந்தின் விளைவோடு ஒப்பிட்டு எழுதினார்கள் ஆய்வாளர்கள்.

17 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அந்தச் செய்தியைக் கேட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. எனக்கு அதில் இருக்கும் குறை வேறு. பூங்கா அங்கே மருந்தின் இடத்தில் வைத்துப் பேசப்படுகிறது, 20 நிமிட அளவாக. பிள்ளை நடந்து திரும்பிய பின் எண்களைச் சரியாகச் சொன்னதா என்பதே கேள்வி. நடந்தபோது அது மகிழ்ச்சியாக இருந்ததா, இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து எதையாவது பார்த்து நின்றதா என்பதற்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

மூன்றாவது காரணத்தை ஆட்டிசம் உள்ளவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய மனம் ஒரே நேரத்தில் பலவற்றில் சிதறாமல் ஒன்றிலேயே ஆழ்ந்து குவிகிறது என்று டைனா மர்ரியும் உடனெழுதியவர்களும் 2005இல் விளக்கினார்கள். வகுப்பறையில் இந்தக் குவிவு தொல்லை. பாடத்திலிருந்து பாடத்துக்கு மணியடித்து மாற வேண்டுமே. எறும்புப் புற்றின் முன்னால் அது வரம். வட அயர்லாந்தின் டாரா மக்அனல்டி பறவைகளையும் பூச்சிகளையும் பார்த்துத் தன் பதின்வயதில் எழுதிய நாட்குறிப்பு 2020இல் நூலாகி, இயற்கை எழுத்துக்கான வெயின்ரைட் பரிசைப் பெற்றது. ஆட்டிசம் உள்ள அந்த இளைஞனின் பார்வைக் கூர்மை எதனால் தொந்தரவாகக் கருதப்பட்டதோ அதனாலேயே அந்தப் பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

நான்காவதுதான் எனக்கு முக்கியமானது. ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் சொன்னது: புரிந்துகொள்ள முடியாமை ஒருபக்கக் குறை இல்லை, இரு பக்கமும் இருக்கிறது, அவர்களுக்கு நம்மைப் புரியாத அளவுக்கு நமக்கும் அவர்களைப் புரிவதில்லை. இப்படி இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவர் தேர்வு நடத்துபவராகவும் மற்றவர் தேர்வு எழுதுபவராகவும் ஆகிவிடுகிறார்கள். நடுவில் ஒரு நண்டு வளை இருந்தால் இரண்டு பேரும் அதைப் பார்க்கிறார்கள். பார்வை சந்திக்க வேண்டியதில்லை, பேச்சு வர வேண்டியதில்லை. ஆனாலும் இருவரும் ஒன்றாக ஒரு காரியத்தில் இருக்கிறார்கள்.

குழுவாகக் கூடுவது ஏன் வேண்டும் என்பதற்கும் இதுவே பதில். கடற்கரைக்குத் தனியாகக் கூட்டிப்போனாலும் பிள்ளைக்கு மணல் கிடைக்கும். சேர்ந்து போகும்போது மணலோடு மனிதர்களும் கிடைக்கிறார்கள், எதையும் கேட்காத மனிதர்களாக.

*

ஐரோப்பாவில் இது ஒரு முறையாகவே வளர்ந்திருக்கிறது. டென்மார்க்கில் சிறு பிள்ளைகள் நாள் முழுதும் காட்டில் இருக்கும் வழக்கத்தை, இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1993இல் போய்ப் பார்த்துவந்து, தங்கள் ஊரில் வனப்பள்ளி என்று தொடங்கினார்கள். அது நாடு முழுக்கப் பரவி, 2012இல் தனிச் சங்கமாகவும் அமைந்தது. அதன் நெறிகள் எளிமையானவை. ஒருநாள் சுற்றுலாவாக இருக்கக் கூடாது. ஒரே இடத்துக்கு, வாராவாரம், பருவங்கள் மாறும் காலம்வரை போக வேண்டும். என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் பிள்ளையே முடிவுசெய்யும். பெரியவர் எண்ணிக்கை போதுமானதாக இருக்கும். தீ மூட்டுவது, கத்தி பிடிப்பது போன்ற சிறு அபாயங்களைக் கண்காணிப்போடு பழக்குவார்கள். எதிர்பாராத மாற்றம் கலவரப்படுத்தும் ஒரு பிள்ளைக்கு இதில் மருந்தாவது அந்தத் திரும்பத்திரும்ப வருதல். இடம் அதேதான், மரம் அதேதான், வரும் முகங்களும் அவையே. மாறுவது இலையின் நிறமும் காளான் முளைக்கும் இடமும் மட்டும். மாற்றம் இப்படி மெல்ல வரும்போது அதைத் தாங்கக் கற்றுக்கொள்வது எளிது.

நம் ஊரில் இதற்குக் காடு தேவையில்லை. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பில் ஞாயிறு காலைகளில் கூடும் சில குடும்பங்களோடு நான் போயிருக்கிறேன். பெயர்ப்பலகை இல்லாத குழு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். அங்கே ஒரு பையன் சவுக்கின் ஊசியிலையைக் கணுக்கணுவாகக் கழற்றிப் பொருத்திக்கொண்டே இருப்பான். எந்தக் கணுவில் பிரித்தேன், சொல் பார்க்கலாம் என்று நாமெல்லாம் சின்ன வயதில் விளையாடிய ஆட்டம். அவன் யாரையும் கேட்டதில்லை. ஒருநாள் இன்னொரு சிறுமி பக்கத்தில் வந்து குந்தி, தானும் ஓர் ஊசியை எடுத்துக் கழற்ற ஆரம்பித்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தன் கையிலிருந்ததை அவள் முன்னால் வைத்தான். அவள் சரியான கணுவைத் தொட்டாள். பள்ளி அறிக்கையில் அவனைப் பற்றி, மற்றவர்களோடு விளையாடுவதில்லை என்றுதான் எழுதியிருந்தது.

அவன் அம்மா என்னிடம் சொன்னார்: “வீட்ல இருந்தா நாள் முழுக்க நான் அவனுக்கு எதாவது சொல்லிக்கிட்டே இருப்பேங்க. கத்தாத, குதிக்காத, அதைத் தொடாத. இங்க வந்தா எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. அவன் பாட்டுக்கு இருக்கான், நான் பாட்டுக்கு இருக்கேன்.” தாயும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் பயிற்சியாளரும் மாணவருமாக இல்லாத இரண்டு மணி நேரம் அது. பிள்ளையின் நலத்தைப் பற்றிய எந்தக் கணக்கிலும் தாயின் இந்த ஓய்வைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

இனி எச்சரிக்கைகள். அவற்றை ஒதுக்கிவிட்டு இந்தப் பேச்சைப் பேசுவது பெற்றோருக்குச் செய்யும் துரோகம்.

வெளி எல்லாப் பிள்ளைக்கும் எப்போதும் இதமானதில்லை. ஈர மணல் காலில் ஒட்டுவது ஒரு பிள்ளைக்குச் சுகம், இன்னொன்றுக்கு ஊசி. கொசு, வேர்வை, கழிப்பறை இல்லாமை, தெருநாய் எல்லாம் உண்டு. அக்னி நட்சத்திர நாளில் திறந்த வெளி யாருக்கும் நல்லதில்லை. சில மருந்துகள் எடுக்கும் பிள்ளைகள் வெயிலைத் தாங்கமாட்டார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் என்னைப் பார் என்று கட்டாயப்படுத்துவதும் ஒன்றுதான்.

நீர் மிகப்பெரிய அபாயம். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பின் ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டுத் தனியே போக முயன்றிருந்தார்கள். காணாமல்போய்க் கவலைக்குள்ளாக்கிய பிள்ளைகளில் 24 சதவீதம் பேர் மூழ்கும் அபாயத்தில் இருந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பல பிள்ளைகளைத் தண்ணீர் இழுக்கிறது. நம் கடலோ அடியில் இழுக்கும் கடல். ஆகவே நான் பார்த்த குழுவில் ஒரு விதி உண்டு. பிள்ளைகளுக்கும் அலைக்கும் நடுவில் எப்போதும் பெரியவர்களின் ஒரு வரிசை நிற்கும். அந்த வரிசையில் இருப்பவர் செல்போனை எடுக்கக் கூடாது. மோன்மொரென்ஸியில் இதார் பயந்தது வெறும் பயமில்லை. ஓடும் பிள்ளையோடு தனியாக வெளியே போகும் எவரும் பயப்படத்தான் வேண்டும். அந்தப் பயத்துக்கு விடை கதவைப் பூட்டுவதில் இல்லை, ஆட்களைச் சேர்ப்பதில் இருக்கிறது.

இன்னோர் எச்சரிக்கை, வாக்குறுதிகளைப் பற்றியது. இந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஸ்டெம் செல் ஊசி முதல் விலையுயர்ந்த உணவுத்திட்டம் வரை குணமாக்குவதாகச் சொல்லி விற்பவர்கள் ஏராளம். நாளை அதே கூட்டம் இயற்கையையும் பொட்டலம் கட்டி விற்கும். ஆட்டிசம் குணமாக்க வேண்டிய நோய் இல்லை. தோப்புக்குப் போய்வந்தால் அது போய்விடாது. போய்வந்த இரவில் பிள்ளை நன்றாகத் தூங்கலாம், அடுத்த வாரம் செருப்பை எடுத்துவைத்து வாசலில் நிற்கலாம். அது போதுமானது. ஒரு பிள்ளையின் மகிழ்ச்சி இன்னொரு விளைவுக்கான கருவி என்று நிரூபிக்கப்பட வேண்டிய அவசியம் இல்லை.

கிராமத்து வாழ்வே இவர்களை அணைத்துக்கொண்டது என்று பழமையைப் போற்றுவதும் உண்மைக்குப் புறம்பு. ஆடு மேய்க்கப் போய் ஊரோடு ஒருவனாய் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். திண்ணைத் தூணில் கட்டிப்போடப்பட்டவர்களும் இருந்தார்கள். நிலம் மட்டும் யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. மனிதர்கள் தீர்மானித்தால்தான் சேர்க்கை நடக்கும். திண்டிவனம் பக்கத்தில் 2013இல் தொடங்கப்பட்ட சிருஷ்டி கிராமத்தில், அறிவுசார் குறைபாடு உடையவர்கள் பயிர் செய்து, ஒன்றாகக் கூடி வாழ்கிறார்கள் என்றால், அது யாரோ சிலர் அப்படித் தீர்மானித்ததால்.

*

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றில் உண்டு. பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் பங்குபெறும் உரிமையை அதன் 29ஆம் பிரிவு சொல்கிறது. 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் சக்கர நாற்காலிக்கான மரப்பாதை திறக்கப்பட்டபோது, அதுவரை கடலைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள் அலைக்கருகில் போய் அழுததைப் பார்த்தோம். மணல் இவர்களுக்கும் உரியது என்பதை அரசு மரத்தால் எழுதிக்காட்டியது.

தோப்பில் கூடும் பிள்ளைகளுக்குத் தடை மணலில் இல்லை. அவர்கள் ஓடுவார்கள், ஏறுவார்கள். தடையாக இருப்பது பார்வை. கையை உதறி, வினோதமான குரலெழுப்பிக் குதிக்கும் பிள்ளையைச் சுற்றி ஒரு வட்டம் கூடுகிறது. “என்னம்மா, புள்ளைக்கு என்ன?” என்று ஒருவர் கேட்கிறார். ஒருவர் கோயில் பெயர் சொல்கிறார். ஒருவர் செல்போனில் படமெடுக்கிறார். அடுத்த வாரம் அந்தக் குடும்பம் வருவதில்லை. நூறு குடும்பங்கள் இப்படி வீட்டுக்குள் திரும்பியிருக்கும்; அவர்களுக்கென்று எந்தப் பாதையும் திறக்கப்படவில்லை. அவர்களுக்கான பாதையை மரத்தால் போட முடியாது. அது மற்றவர்களின் நடத்தையால் போடப்பட வேண்டியது.

என்ன வேண்டும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. பூங்காவில் கூட்டம் குறைந்த ஒரு காலை, வாராவாரம் மாறாமல். தண்ணீர், நிழல், ஒரு நல்ல கழிப்பறை. பிள்ளைகள் சிலர், அவர்களுக்குப் போதிய பெரியவர்கள், கூடவே இந்தக் குறைபாடுகள் இல்லாத அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும். அவர்களும் வர வேண்டும். இல்லாவிட்டால் வெளியில் கட்டிய இன்னொரு தனியறையாக அது ஆகிவிடும். மாநகராட்சிப் பூங்காக்களும் பள்ளி மைதானங்களும் ஏரிக்கரைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனமே காயலருகில் நிற்கிறது. சிறப்பாசிரியர்களுக்கும் தெரபிஸ்டுகளுக்கும் வாரத்தில் அரைநாள் வெளியில் பிள்ளைகளோடு இருப்பது சம்பளமுள்ள வேலையாக்கப்பட்டால், அவர்களில் பலர் மகிழ்ச்சியோடு வருவார்கள். எதிரில் உட்கார்ந்து கண்டறிய முடியாத பலவற்றைப் பக்கத்தில் நின்று கண்டுகொள்வார்கள்.

பிள்ளையை முதலில் தயார்செய்து கொண்டுவாருங்கள், பிறகு சேர்த்துக்கொள்கிறோம் என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெற்றோரிடம் சொல்லிவருகிறோம். உட்காரக் கற்றபின் பள்ளி, பேசக் கற்றபின் நட்பு, சத்தமிடாமலிருக்கக் கற்றபின் கடற்கரை. தயாராவதற்குள் பல பிள்ளைகளின் குழந்தைப் பருவமே முடிந்துவிடுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும். முதலில் சேர்த்துக்கொள்வோம், அவர்கள் இருக்கிறபடியே. கற்பது அதற்குப் பின் நடக்கும், அவர்களுக்கும் நமக்கும்.